மொகல் தெரு எங்கே இருக்கிறது?

தாத்தா எழுதிக் கொடுத்த ஒரு தாளை வைத்துக்கொண்டுதான் நான் ரங்கூனில் வந்து இறங்கினேன். "மொகல் தெரு. பிரேசர் தெரு முனையிலிருந்து நாலாவது கட்டடம். மூணாவது மாடி. அத்தை வீடு." அவ்வளவுதான் அதில் இருந்தது. 2017 டிசம்பர். பள்ளிப் படிப்பு முடித்து, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, என் ஊரான தட்டோனிலிருந்து முதல் தடவையாகத் தனியாகக் கிளம்பியிருந்தேன். அத்தை குடும்பம் அந்த வீட்டுக்குக் குடிபோய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது; எங்கள் வீட்டில் யாரும் போய்ப் பார்த்ததில்லை. இரவு பஸ் அவுங் மிங்கலா பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது விடியற்காலை நாலு மணி. கைபேசியில் சார்ஜ் இல்லை.

டாக்சிக்காரர் இளைஞர். தாளைப் படித்துச் சொன்னேன். "மொகல் லான்" (லான் என்றால் பர்மிய மொழியில் தெரு) என்று இரண்டு முறை சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. பிரேசர் தெரு என்றால் அதுவும் தெரியவில்லை. நான் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவள், பர்மிய மொழி எனக்கு இன்னொரு தாய்மொழி போல. அப்படியிருந்தும் அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவள் மாதிரி நின்றேன். கடைசியில், "சூலே பகோடாவுக்குப் போங்கள், அங்கே கேட்டுக்கொள்ளலாம்" என்று ஏறினேன். விலையும் பேசவில்லை. சூலேயில் இறங்கும்போது 12,000 சாட் (பர்மியப் பணம்) கேட்டார். கொடுத்துவிட்டேன்.

சூலேக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை அப்போதுதான் திறந்திருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் தாளில் இருந்ததைச் சொன்னதும் சிரித்தார். "மகோ லானா? அது ஷ்வே பொந்தா லான் ஆகி எத்தனை காலம் ஆச்சு! பிரேசர் தெருன்னா அனோரத்தா." கையைக் காட்டி வழியும் சொன்னார். பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிஷம் நடந்தேன், அத்தை வீடு வந்துவிட்டது.

அத்தையிடம் டாக்சிக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "எட்டாயிரத்துக்கு மேல ஒரு காசு கொடுத்திருக்கக் கூடாது புள்ள. இங்க மீட்டர் கிடையாது. கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி வெலையப் பேசணும். உள்ள ஏறி உக்காந்துட்டா அவன் சொன்னதுதான் வெல."

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. ரங்கூனில் வழி தெரிய வேண்டுமானால் முதலில் பெயர் தெரிய வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பெயர், சில இடங்களுக்கு மூன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளைக்காரன் வைத்த பெயரைச் சொல்வார்கள். தெருப் பலகையில் பர்மியப் பெயர் இருக்கும். பஸ்ஸில் கூப்பிடுவது வேறொன்றாக இருக்கும். தட்டோன், பிலின், மோல்மீன் பக்கத்திலிருந்து படிக்க வருகிற நம் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இந்த இடத்தில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். அதனால் முக்கியமானவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாத்தா பிரேசர் தெரு என்றால் அனோரத்தா சாலை. டல்ஹவுசி என்றால் மகாபந்தூலா சாலை. மான்ட்கோமரி என்றால் போஜோக் அவுங் சான் சாலை. பேயர் தெரு இப்போது பான்சோடான். ஸ்பார்க்ஸ் தெரு போ அவுங் ஜோ தெரு. ஸ்காட் மார்க்கெட் என்று பாட்டி சொல்வது போஜோக் மார்க்கெட். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லும் பெயரையும் இன்றைய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் அத்தை வீட்டுக்கு வந்த மறுநாளே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கி, தமிழ் எழுத்தில் அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன்.

பெயர் பிடிபட்டால் நகரத்தின் நடுப்பகுதி மிகச் சுலபம். 1852இல் பிரிட்டிஷார் பிடித்த பிறகு கோடு போட்டுக் கட்டிய ஊர் இது; சூலே பகோடாவை நடுவில் வைத்து, சதுரங்கக் கட்டம் போலத் தெருக்களை அமைத்தார்கள். அகலமான தெருக்களுக்குப் பெரும்பாலும் பெயர் உண்டு, குறுகலான தெருக்களுக்கு எண். மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக எண் கூடிக்கொண்டே போகும். நீங்கள் 26ஆம் தெருவில் நின்று 31ஆம் தெருவுக்குப் போக வேண்டுமானால் கிழக்கே நடக்க வேண்டும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. தெற்கே ஆறு. வடக்கே ஷ்வேடகோன் பகோடா. இந்த இரண்டும் மனதில் இருந்தால் போதும்.

ஆனால் தெரு எண் மட்டும் போதாது. ஒவ்வொரு தெருவும் வடக்கு தெற்காக நீளமாகப் போகிறது, குறுக்கே பெரிய சாலைகள் அதை வெட்டுகின்றன. போஜோக் சாலைக்கும் அனோரத்தாவுக்கும் நடுவில் இருப்பது மேல் ப்ளாக். அனோரத்தாவுக்கும் மகாபந்தூலாவுக்கும் நடுவில் இருப்பது நடு ப்ளாக். அதற்குத் தெற்கே, ஆற்றுப் பக்கம், கீழ் ப்ளாக். முகவரி கேட்கும்போது "எந்தத் தெரு" என்று கேட்ட அதே மூச்சில் "எந்த ப்ளாக்" என்றும் கேளுங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டுக்குப் போவதற்காக, வெயிலில் ஒரே தெருவை மேலிருந்து கீழ் வரை நடந்து தேடிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது. கட்டடத்தைக் கண்டுபிடித்த பிறகும் மாடி ஏறி இறங்கி அலைய வேண்டாம். மாடி வீடுகளிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப் இருக்கும், பல கயிறுகளில் மணியும் கட்டியிருப்பார்கள். பேப்பர்காரர், காய்கறிக்காரர் எல்லோரும் அதில்தான் மாட்டி அனுப்புவார்கள். அத்தை வீட்டுக் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் மேலேயிருந்து சாவி இறங்கி வரும்.

வழி தவறினால் நான் போய் நிற்கும் இடம் அனோரத்தா சாலையில் கொன்ஜேடான் தெரு முனையில் இருக்கும் ஸ்ரீ காளி கோயில். 1871இல் நம் தமிழர்கள் கட்டிய கோயில். அந்தக் கோபுரம் தெரிந்துவிட்டால் போதும், மூச்சு சீராகிவிடும். அந்தப் பக்கத்தில் தமிழில் பேசினால் பதில் சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். உங்களுக்கும் இப்படி ஓர் இடம் வேண்டும். கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, ஒரு மாமா கடையோ, எதுவாக இருந்தாலும் சரி. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் அங்கே திரும்பி வந்துவிடத் தெரிந்தால் மற்றதையெல்லாம் பயமில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது பஸ். நான் வருவதற்குப் பதினொரு மாதத்துக்கு முன்னால், 2017 ஜனவரி 16ஆம் தேதிதான் பழைய பஸ் தடங்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒய்பிஎஸ் (யாங்கோன் பஸ் சர்வீஸ்; யாங்கோன் என்பது ரங்கூனின் இன்றைய பெயர்) என்ற புது ஏற்பாட்டைக் கொண்டு வந்திருந்தார்கள். பழைய தட எண்கள் எல்லாம் மாறிவிட்டதால் அத்தைக்கே பல பஸ்கள் தெரியவில்லை. "எனக்குத் தெரிஞ்ச நம்பர் எல்லாம் போச்சு, நீ கத்துக்கிட்டு எனக்குச் சொல்லு" என்றார். புது ஏற்பாட்டில் கண்டக்டர் கிடையாது. ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் அப்போது 200 சாட் போட வேண்டியிருந்தது. மீதிச் சில்லறை வராது. கையில் ஆயிரம் சாட் நோட்டு மட்டும் இருந்தால் என்ன செய்வது? அதற்கு மக்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆயிரத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, அடுத்து ஏறும் நாலு பேரிடம் ஆளுக்கு 200 வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவை ஒரு பெண் என்னிடம் கை நீட்டியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நானே அப்படி நின்றிருக்கிறேன். காலையில் கூட்ட நேரத்தில் அது முடியாது. அதனால் வீட்டில் ஒரு டப்பா வைத்து, கைக்கு வந்த சில்லறை நோட்டுகளை எல்லாம் அதில் போட்டு வையுங்கள். கட்டண முறை எல்லாம் பிறகு மாறிக்கொண்டேதான் இருக்கிறது. சில்லறை டப்பா மாறவில்லை.

என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்த மாலை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் இருப்பது லெடான் பக்கம். அங்கேயிருந்து வீட்டுக்குத் திரும்ப சூலே பஸ் பிடிக்க வேண்டும். வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரம், இருட்டும் நேரம். நிறுத்தத்தில் நின்ற ஒரு பையனிடம், வந்து நின்ற பஸ்ஸைக் காட்டி, "சூலே யௌக்லா?" என்று கேட்டேன். சூலே போகுமா என்று அர்த்தம். தலையாட்டினான். ஏறிவிட்டேன். எண் சரிதான். திசைதான் தப்பு. ஜன்னல் பக்கமே போக முடியாத கூட்டம். அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே பார்க்க முடிந்தது, தெரிந்த கடை ஒன்றும் இல்லை. நெரிசலில் பின்னால் நின்ற ஆள் வேண்டுமென்றே நெருங்கி நின்றான். நகர இடமில்லை. சத்தம் போடவும் நா எழவில்லை. உட்கார்ந்திருந்த ஒரு பர்மிய அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்து, என்னைத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு அந்த ஆளுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். சூலே என்றேன். "அய்யோ மகளே, இப்போ ஷித் மைல் வந்துட்டியே!"

ஷித் மைல் என்றால் எட்டு மைல். நகர நடுவிலிருந்து எட்டு மைல் தள்ளி வந்துவிட்டேன் என்று அந்தப் பெயரே சொல்லிவிட்டது. பியே சாலையில் வடக்கே போகும்போது எட்டு மைல், ஒன்பது மைல், பத்து மைல் மேடு என்று நிறுத்தங்கள் வரும். இந்தப் பெயர்கள் காதில் விழுந்தால் நீங்கள் நகரத்தை விட்டு விலகிப் போகிறீர்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் நடுவுக்கு வருகிறீர்கள். வரைபடம் பார்க்க முடியாத கூட்டத்திலும் காது வேலை செய்யும். அந்த அம்மா என்னோடு இறங்கி, சாலையைக் கடக்க வைத்து, எதிர்ப்பக்கம் சூலே பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஓட்டுநரிடம் "இந்தப் பிள்ளை சூலேயில் இறங்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. டோடோ என்று மட்டும் கூப்பிட்டேன், நம் பெரியம்மா மாதிரி.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னபோது மாமா ஒரு விஷயம் விளக்கினார், அது எனக்குப் பாடப் புத்தகத்தைவிடப் பெரிய பாடம். அந்தப் பையன் என்னை ஏமாற்றவில்லை. பர்மியரிடம் "ஆனா" என்று ஒரு குணம் உண்டு. எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் வரக்கூடாது, அவர் முகம் வாடக்கூடாது என்ற தயக்கம். "போகுமா?" என்று கேட்டால், சரியாகத் தெரியாவிட்டாலும், "இல்லை" என்று சொல்ல மனம் வராது. ஆகவே ஆமாம் இல்லை என்று பதில் வரும்படி கேட்காதீர்கள். "இந்தப் பஸ் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து இடத்தின் பெயர் வர வேண்டும். இரண்டு பேரிடம் கேளுங்கள். நிறுத்தத்தில் நிற்பவர்களைவிட அங்கேயே வெற்றிலைக் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்பது நல்லது. நாள் முழுக்க அந்தப் பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் முடிந்தவரை பெண்கள் நிற்கும் பக்கமாக, ஓட்டுநருக்கு அருகில் நில்லுங்கள். யாராவது தொந்தரவு செய்தால் உரக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் சொல்லவில்லை, பிறகு ஒரு தடவை சொன்னேன், பஸ் முழுக்க என் பக்கம் நின்றது. அப்புறம், இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்போது "பாதே!" என்று குரல் கொடுக்க வேண்டும். இங்கே இறங்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வெட்கப்பட்டு வாய் திறக்காமல் நின்றால் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும்.

அந்த மாலைக்குப் பிறகு ஒரு மாதம் பஸ் பக்கமே போகவில்லை. ரயிலில் போனேன். நம் பிள்ளைகள் பலருக்கு இந்த ரயிலின் அருமை தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தமே உண்டு. ரங்கூனைச் சுற்றி வட்டமாக ஒரு பாதை, சுமார் 46 கிலோமீட்டர், 39 நிலையங்கள். முழுச் சுற்றுக்கு அப்போது மூன்று மணி நேரம் போல ஆனது. அத்தை வீட்டிலிருந்து பயா லான் நிலையத்துக்கு நடந்துவிடலாம். அங்கே ஏறினால் லான்மடோ, பியே சாலை, ஷான் சாலை, ஆலோன், பன்லைங், ஜீமின்டைங், ஹந்தாவதி, அப்புறம் லெடான். அங்கேயிருந்து பல்கலைக்கழகத்துக்கு நல்ல நடை. ரயில் மெதுவாகத்தான் போகும், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் பியே சாலையில் பஸ் ஒரே இடத்தில் நிற்கும் நேரத்தில் ரயில் போய்க்கொண்டிருக்கும். எந்த நேரத்துக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட முடிந்தது. தேர்வு நாட்களில் ரயிலைத்தான் நம்பினேன்.

இன்னொரு நிம்மதியும் உண்டு. வட்டப் பாதை என்பதால் திசை தவறினாலும் சுற்றிக்கொண்டு வந்து சேரலாம். எல்லா ரயிலும் முழுச் சுற்று போவதில்லை, பாதியிலே நிற்பவையும் உண்டு. ஏறும்போதே எதுவரை போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா சொல்லி, 200 சாட் சீட்டு வாங்கி முழுச் சுற்றும் போனேன். ஜப்பானில் ஓடிய பழைய பெட்டிகள், ஜப்பானிய எழுத்து அப்படியே இருந்தது. கொய்யாக்காய், வேகவைத்த காடை முட்டை, சோளம் என்று தலைக்கூடையோடு பெண்கள் ஏறி இறங்கினார்கள். டன்யின்கோனில் காய்கறிச் சந்தை; கீரைக் கட்டுகளை ஜன்னல் வழியாகவே உள்ளே தள்ளினார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் கை கொடுத்து வாங்கி அடுக்கினார்கள். நானும் வாங்கி அடுக்கினேன். அதற்கு அப்பால் வயலும் நீர்க்கீரைப் பாத்திகளும் வந்தன. தட்டோன் மாதிரியே இருந்தது. மனசு லேசாகிவிட்டது. ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டே வந்தேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே இந்தச் சுற்றைப் போய்விட்டு வர வேண்டும் என்று நான் கையைப் பிடித்துச் சொல்வேன். அதற்குப் பிறகு வகுப்பில் யார் எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும், அது வட்டத்தில் எங்கே இருக்கிறது என்று மனதில் ஒரு படம் வந்தது.

மற்றவை சின்ன விஷயங்கள். நம் ஊர் போல மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்று நினைத்து வராதீர்கள். 2003இலிருந்து நகரத்துக்குள் தடை. தட்டோனில் கடைக்குப் போகவும் அண்ணன் பைக்கில் ஏறிப் பழகிய எனக்கு முதல் மாதம் கால் வீங்கியது. நல்ல செருப்பு வாங்குங்கள். நடைபாதைக் கல்லுக்குக் கீழே சாக்கடை ஓடுகிறது, கல் உடைந்திருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் எது கல், எது பள்ளம் என்று தெரியாது, முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்தில் வையுங்கள். பெரிய சாலைகளில் மேம்பாலம் இருந்தால் ஏறித்தான் கடக்க வேண்டும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

2019இல் கண் வைத்தியத்துக்காகத் தாத்தா ரங்கூனுக்கு வந்தார். இளவயதில் இங்கே ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவர். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது கூட்டாளிகள் எல்லாம் சென்னைக்குக் கப்பல் ஏற, இவர் மட்டும் தட்டோனுக்குப் போய் வயல் வேலையில் இறங்கிவிட்டார். அதற்கப்புறம் நகர நடுவுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நான் அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு தெருவாகக் கூட்டிப் போனேன். அவர் பழைய பெயரைச் சொல்லச் சொல்ல நான் புதுப் பெயரைச் சொன்னேன். நோட்டில் இடது பக்கம் அவர் பெயர், வலது பக்கம் என் பெயர். சில தெருக்களுக்கு எனக்கே அன்றைக்குத்தான் பழைய பெயர் தெரிந்தது. காளி கோயிலில் கும்பிட்டுவிட்டு பான்சோடான் வழியாகத் தெற்கே நடந்து ஆற்றங்கரைச் சாலைக்கு வந்தோம்.

"இது ஸ்ட்ராண்ட் ரோடு" என்றார். "இதுக்கு என்ன பேரு வச்சிருக்காங்க?"

பலகையைப் பார்த்தேன். பர்மிய எழுத்தில் கன்னா லான், கரைச் சாலை. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஸ்ட்ராண்ட் ரோடு.

"அதே பேருதான் தாத்தா. மாத்தல."

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. படகுத்துறைப் பக்கம் திரும்பி, அக்கரையில் இருக்கும் டலாவுக்குப் போகும் படகில் ஆட்கள் ஏறி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நோட்டைத் திறந்து இரண்டு பக்கத்திலும் அதே பெயரை எழுதினேன்.